தேய்மானம் ஏற்படாத தேய்மானச் சோதனை

நாட்டு மக்களின் பாதுகாப்பு காவலர்களின் கையில் இருக்கிறது. காவலர்களின் பாதுகாப்பு அவர்களுடைய கைத்துப்பாக்கியில் இருக்கிறது. கைத்துப்பாக்கியின் பாதுகாப்போ, அதைப் பற்றிய கோப்பு எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. இந்த மூன்றாவது உண்மையை அறியாமல்தான் எண்ணெய்க்காரர் அன்றைய கூட்டத்தில் வாயைத் திறந்தார்.

எண்ணெய்க்காரர் என்றால் எண்ணெய் விற்பவர் அல்லர். காவல்துறையின் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டிவைக்கும் மெக்கானிக். அவருடைய சட்டைப்பை, நகக்கண், சாப்பாட்டுப் பாத்திரம் ஆகிய மூன்றிலும் துப்பாக்கி எண்ணெய் மணக்கும். ஆதலால் அந்தப் பெயர். அவருடைய மனைவி, ஓர் இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்து போகவேண்டிய எல்லையோரச் சிற்றூரில், மருத்துவமனைச் செவிலியாக இருந்தார். கல்யாணமான நாள் முதலாக இருவரும் விருந்தாளிகளைப் போல ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய மகளோ, அப்பா என்பவர் விடுமுறைக்குப் பெட்டியோடு வந்து, அழுதால் சமாதானப்படுத்தத் தெரியாமல் திரும்பிப் போகிற ஒருவர் என்றே கருதியிருந்தாள். எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, மனைவியின் ஊருக்கே மாற்றல் உத்தரவு ஒருவழியாகத் தயாராகி, மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டம் கூடிற்று.

மேலதிகாரி வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். போகும்போது ஒரு பெட்டியோடு போனார். வரும்போது ஒரு கொள்கையோடு வந்தார். எது இலகுவோ அதுவே நவீனம் என்பது அக்கொள்கை. அவர் வந்த மாதமே இரும்பு அலமாரிகள் வெளியேறின. அலுமினிய அடுக்குகள் உள்ளே வந்தன. மர நாற்காலிகள் போய் அலுமினிய மடக்கு நாற்காலிகள் வந்தன. அவற்றில் உட்காருவோர் ஒரு காலைத் தரையில் ஊன்றித் தம் எடையில் பாதியைத் தாமே சுமந்தனர். தடித்த கோப்புகள் இலகுவாக வேண்டும் என்று ஒவ்வொரு கோப்பும் ஏழாகப் பிரிக்கப்பட்டது. அதனால் ஒரு கோப்பைத் தேடிய ஊழியர் ஏழு கோப்புகளைத் தேடினார். அலுவலகம் அவருக்குப் பஞ்சு ஐயா என்று பெயர் சூட்டி, அவர் இல்லாதபோது மட்டும் அதைப் பயன்படுத்திவந்தது.

"புதுசா கைத்துப்பாக்கி வாங்கப் போறோம்" என்றார் பஞ்சு ஐயா. "பிரேம் எஃகா, அலுமினியக் கலவையா? எது ரொம்ப நாள் தாங்கும்? மெக்கானிக் சொல்லட்டும்."

பிரேம் என்பது குழலையும் விசையையும் கைப்பிடியையும் ஒன்றுசேர்த்துத் தாங்குகிற உடற்கட்டு. துப்பாக்கியின் முதுகெலும்பு என்றே சொல்லலாம். எண்ணெய்க்காரர் எழுந்து நின்றார்.

"எஃகுதான் ஐயா கூட நாள் தாங்கும். ஆனா கனம். அலுமினியக் கலவை லேசு. ஆனா, பெட்டி பெட்டியா சுட்டுத் தள்ளினா தேயும், விரிசலும் விடலாம். நம்ம ஆளுங்க வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்குன்னு சுடறாங்க, அதுவும் கண்ணை மூடிக்கிட்டு. அந்த வேகத்துல எது தேயறதுக்கும் நம்ம பேரன் காலம் ஆயிரும். எது வாங்கினாலும் சரிதான் ஐயா."

அலுவலகத்தில் சொல்லத் தகாத சொற்கள் சில உண்டு. அவற்றுள் தலையாயது "எது செய்தாலும் சரிதான்" என்பது. அப்படியானால் குழு எதற்கு, கூட்டம் எதற்கு, கூட்டத்தில் பிஸ்கட்டுத்தான் எதற்கு?

"அது உங்க அபிப்பிராயம்" என்றார் பஞ்சு ஐயா. "எனக்கு ஆதாரம் வேணும். ரெண்டுலயும் ஒண்ணு எடுத்துச் சோதனை வைங்க. எந்த பிரேம் முதல்ல உடையுதோ, அது தோத்துது. சோதனை முடிஞ்ச அன்னைக்கே உங்களை விடுவிச்சுடறேன்."

சொன்னதோடு நில்லாமல், மாற்றல் உத்தரவின் அடியில் "சோதனை நிறைவுற்ற பின்னரே விடுவிக்கப்படுவார்" என்று எழுதிக் கையெழுத்தும் இட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பள்ளியில் படித்த எண்ணெய்க்காரர், அதைச் சரியாகப் புரிந்துகொண்ட நாள் அது.

மனைவி தொலைபேசியில் கேட்டார்: "ஏங்க, இது எவ்வளவு நாள் இழுக்கும்?"

"ஒண்ணும் ஆகாது. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சுட்டுக்கிட்டே இருந்தா, ஏதாவது ஒண்ணு வாயைப் பிளந்துரும். கட்டிலை இப்பவே நகர்த்தி இடம் பண்ணி வை."

மறுநாள் தணிக்கை அதிகாரி வந்தார். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஆட்சேபணை. காலை வணக்கம் சொன்னாலும், "எதன் அடிப்படையில்?" என்று கேட்கக் கூடியவர்.

"சுட்டா என்ன ஆகும்?" என்றார் ஆட்சேபணை.

"தேயும் ஐயா."

"எது தேயும்?"

"பிரேம்."

"யாரு வீட்டு பிரேம்?"

"அரசாங்கத்தோடது ஐயா."

"அரசாங்கச் சொத்தைத் தெரிஞ்சே ஒருத்தர் தேய்ச்சா, அதுக்கு என்ன பேரு?"

"குத்தம் ஐயா. ஆனா இது தேய்மானச் சோதனை. தேய்க்காம எப்படி?"

"சோதனை வேண்டாம்னு நான் சொன்னேனா? தாராளமா பண்ணுங்க. தேய்மானம் ஏற்படாம பண்ணுங்க."

"தண்ணியும் கலங்கக் கூடாது, மீனும் பிடிக்கணும்ங்கறீங்க."

"ரெண்டுக்கும் விதி இருக்கு" என்றார் ஆட்சேபணை, பெருமிதத்தோடு.

அவ்வாறே ஆயிற்று. ஓர் அலுமினிய மேசைமீது சிவப்பு வெல்வெட்டு விரிக்கப்பட்டது. வலப்பக்கம் எஃகுத் துப்பாக்கி, இடப்பக்கம் அலுமினியக் கலவைத் துப்பாக்கி. இரண்டிலும் தோட்டா இல்லை. நாள்தோறும் குழுவினர் மேசையைச் சூழ்ந்து நின்று, தேய்மானம் ஏற்பட்டுள்ளதா என உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்றுநோக்கினர். தொடுதல் தடைசெய்யப்பட்டது, தோல் பட்டாலும் உலோகம் தேயும் அல்லவா? மூச்சுக் காற்றின் ஈரம் படியாதிருக்கக் குழுவினர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டனர். வழி தவறி உள்ளே வந்த ஒருவர் அறுவைச் சிகிச்சை நடப்பதாக எண்ணிக் கைகூப்பிவிட்டுப் போனார். "மாற்றமேதும் காணப்படவில்லை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வழிமொழிந்துவிட்டுப் பிஸ்கட்டு தின்றனர். இவ்வளவு பயனுள்ள காலைப் பொழுது குழுவினருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

"இன்னுமா தேயலை?" என்றார் மனைவி.

"தொடவே கூடாதாம்."

"அப்ப எப்படிங்க தேயும்?"

"பார்வையாலதான்."

"நான் வேணும்னா வந்து ஒரு பார்வை பார்க்கட்டுமா? நீங்களே தேயறீங்க, அது தேயாதா?"

இந்த ஆற்றலைப் பரிசோதிக்கத் தணிக்கையின் அனுமதி கிட்டாது என்பதால், எண்ணெய்க்காரர் வேறு வழி தேடினார். ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது அவருடைய முழங்கை, தன்னையறியாமல், நன்றாகக் குறிபார்த்து, அலுமினியத் துப்பாக்கியின்மேல் பட்டது. துப்பாக்கி கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். எண்ணெய்க்காரர் துக்க வீட்டு முகத்தோடு குழுவைக் கூட்டினார்.

"கீறல் விழுந்துருச்சு ஐயா. அலுமினியம் தோத்துருச்சு. சோதனை முடிஞ்ச மாதிரிதான்."

இலகுப் பொருள் தோற்பதைப் பஞ்சு ஐயாவால் தாங்கிக்கொள்ள இயலவில்லை. "அது எப்படி? எஃகு விழுந்திருந்தா அதுக்கும்தான் கீறல் விழுந்திருக்கும். ஒருத்தருக்குக் கிடைச்ச வாய்ப்பு இன்னொருத்தருக்கும் கிடைக்கணும்."

ஆகவே எஃகுத் துப்பாக்கி, அனைவர் முன்னிலையிலும், முறைப்படி கைநழுவவிடப்பட்டது. தரையின் ஓடு இரண்டாகப் பிளந்தது. துப்பாக்கியில் ஒன்றும் இல்லை. பிறகு, உடைந்த ஓட்டின் விளிம்பில் அதை ஒருமுறை உரசி, நீதி நிலைநாட்டப்பட்டது.

"இப்ப ரெண்டும் சமம்" என்றார் பஞ்சு ஐயா. "முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

இதற்கிடையே ஆட்சேபணைக்கு ஓர் ஐயம் முளைத்தது. காவலர்களின் இடுப்பில் எஃகுத் துப்பாக்கியும் இருக்கிறது, அலுமினியத் துப்பாக்கியும் இருக்கிறது. எது தரமானது என்று முடிவாகாத நிலையில் இரண்டையும் புழக்கத்தில் வைத்திருப்பது, முடிவை முன்கூட்டியே கசியவிட்டதாக ஆகாதா? ஊர் முழுவதும் இருந்த கைத்துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டுக் கிடங்கில் பூட்டப்பட்டன. காவலர்கள் காலி உறையோடு திரிந்தனர். சிலர் அதில் சீப்பு வைத்தனர். வங்கிவாசலில் நிற்கும் பூசணி என்ற காவலர் தம் மூக்குக்கண்ணாடியை வைத்தார். எவரையாவது சந்தேகித்தால் சட்டென்று உருவி அணிந்துகொள்ள வசதியாக இருந்தது.

அப்போதுதான் எண்ணெய்க்காரரின் மூளையில் அந்த யோசனை உதித்தது. அறிவுள்ளவர்களிடம் சொன்னால் அடிப்பார்கள் என்பதால், அவர் அதைக் குழுவிடம் சொன்னார்.

"ஐயா, நிஜத் துப்பாக்கியைத் தேய்க்கக் கூடாது. சரி. அதே அளவுல மரத்துல செய்வோம். பாதிக்குக் கறுப்பு அடிச்சு எஃகுன்னு பேர் வைப்போம். மீதிக்கு வெள்ளி நிறம் அடிச்சு அலுமினியம்னு பேர் வைப்போம். காவலர்கள் இடுப்புல கொடுப்போம். மரம் தேய்ஞ்சா யார் கேட்கப் போறாங்க? எது முதல்ல உடையுதோ, அந்தப் பேர் தோத்துது."

ஆட்சேபணை கண்களை மூடினார். நெடுநேரம் சிந்தித்தார். "இதுல ஆட்சேபணை இல்லை" என்றார். அவருடைய பணிக்காலத்தில் அச்சொற்றொடர் ஒலித்தது அதுவே முதன்முறையாதலால், பலர் எழுந்து நின்றுவிட்டனர்.

சந்துமுனைத் தச்சரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது.

"அண்ணே, கொஞ்சம் சுமாராவே செய்ங்க. லேசுல உடையற மாதிரி" என்று கெஞ்சினார் எண்ணெய்க்காரர்.

"என்ன பேச்சு இது? என் கையால செஞ்ச தொட்டில்ல மூணு பிள்ளைங்க வளர்ந்து, இப்ப அதுல நெல்லு கொட்டி வெச்சிருக்காங்க. உடையற மாதிரி செய்யணும்னா வேற ஆளைப் பாருங்க தம்பி."

வேறு ஆள் இல்லை. ஒரே தேக்குப் பலகையிலிருந்து எஃகும் பிறந்தது, அலுமினியமும் பிறந்தது. துறையிலேயே கை தவறுவதில் பெயர்பெற்றவர்களாகப் பார்த்து எண்ணெய்க்காரர் அவற்றை வழங்கினார். ஒன்றும் உடையவில்லை. மாறாக, நாகரிகம் ஒன்று பிறந்தது. மரத் துப்பாக்கிக்கு எண்ணெய் வேண்டா, துடைக்க வேண்டா, தவறி வெடிக்குமோ என்ற அச்சமும் வேண்டா. இடுப்பில் இருப்பதே தெரியவில்லை. சில நாள்களில் வெள்ளி நிறமே மதிப்புக்குரியது என்றாகி, கறுப்பு கிடைத்தவர்கள் சிபாரிசுக்கு அலைந்தனர். பஞ்சு ஐயா தாமும் ஒன்றை இடுப்பில் செருகிக் கண்ணாடி முன் நின்று, "இதுவல்லவோ இலகு!" என்று மெய்ம்மறந்தார்.

அந்த வாரம், ஒரு நண்பகலில், வங்கிக்குள் முகத்தில் துணி கட்டிய ஒருவன் நுழைந்து துப்பாக்கியை நீட்டினான்.

"யாரும் அசையக் கூடாது!"

பூசணியும் உருவி நீட்டினார். "கீழே போடுடா!"

"நீங்க முதல்ல போடுங்க!"

"நான் அரசாங்கம். நான் எப்படிடா முதல்ல போடறது?"

"சுட்டுருவேன்!"

"சுடேன் பார்ப்போம்!"

"ஏன், நீங்க சுடுங்களேன்!"

"எனக்கு என்ன அவசரம்? எனக்குச் சாயங்காலம் வரைக்கும் டியூட்டி."

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி பொறுமையிழந்தார். "யாராவது ஒருத்தர் சுட்டுட்டு நகருங்கப்பா. உலையில அரிசி போட்டுட்டு வந்திருக்கேன்."

நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. திருடனுக்கு வியர்த்தது, துப்பாக்கி நழுவித் தரையில் விழுந்தது. டொக். அந்த ஓசையில் திடுக்கிட்ட பூசணியின் கையிலிருந்ததும் விழுந்தது. டொக். உலோகம் விழுந்தால் எழும் ஓசை எது, கதவு தட்டினால் எழும் ஓசை எது என்பதை வங்கியிலிருந்த அனைவரும் அறிவர்.

திருடன் மெல்லக் குனிந்து பார்த்தான். "ஐயா, உங்களுதும் சந்துமுனைத் தச்சர் வேலையா?"

"ஆமாம்."

"எனக்கு வெள்ளி நிறம் கேட்டேன் ஐயா. அது போலீசுக்கு மட்டும்தான், உனக்குக் கறுப்புதான்னு கண்டிப்பா சொல்லிட்டார்."

"எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும் இல்லையா தம்பி" என்று தேற்றி, பூசணி அவன் தோளில் கைபோட்டு அழைத்துச் சென்றார். போகிற போக்கில் அவர் கால் திருடனின் துப்பாக்கிமேல் முழு எடையோடும் பதிந்தது. தச்சரின் கைத்திறனுக்கும் ஓர் எல்லை உண்டு. அது இரண்டாகப் பிளந்தது.

செய்தி கேட்டு எண்ணெய்க்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கறுப்பு உடைஞ்சுருச்சு! எஃகு தோத்துருச்சு! ஐயா, என்னை விடுவிங்க!"

"அது திருடனோட எஃகு" என்றார் ஆட்சேபணை. "அரசாங்க எஃகு இல்லை. நம்ம சோதனையில அவர் உறுப்பினரும் இல்லை."

ஒரு தோட்டாவும் செலவாகாமல் கொள்ளையனைப் பிடித்த முதல் மேலதிகாரி என்று பஞ்சு ஐயாவுக்குப் பாராட்டுப் பட்டயம் வந்தது. இனித் துறை முழுவதற்கும் மரத் துப்பாக்கியே என்று ஆணை பிறந்தது. எண்ணெய்க்காரர் கைகட்டி நின்றார்.

"அப்ப எஃகு, அலுமினியச் சோதனை முடிஞ்சுதா ஐயா?"

"முடியலை. கைவிட்டாச்சு."

"என் மாற்றல்?"

"சோதனை முடிஞ்சதும் விடுவிக்கிறதாத்தானே எழுதியிருக்கேன்."

"அது எப்ப ஐயா முடியும்?"

"கைவிட்ட சோதனை எப்படிய்யா முடியும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

எண்ணெய்க்காரர் யோசித்தார். அதில் குறைகாண ஒன்றும் இல்லை. அன்று மனைவியிடம், "கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்திரு" என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் மகள் வாங்கிப் பேசினாள்: "அப்பா, துப்பாக்கி உடையலைன்னா பரவாயில்லப்பா. லீவுக்கு வாங்க." அந்தப் பரவாயில்லையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பஞ்சு ஐயாவின் அறைச் சுவரில் பட்டயத்தை மாட்டவேண்டியிருந்தது. பட்டயம் பெரியது, இரண்டு ஆணிகள் தேவைப்பட்டன. சுத்தியல் கேட்டு எழுதிய கோப்போ அப்போதுதான் ஏழாகப் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"இந்த ரெண்டு துப்பாக்கியும் காத்துல காகிதம் பறக்காம இருக்க மேசைமேல சும்மாத்தானே கிடக்கு" என்றார் பஞ்சு ஐயா. "எதையாவது எடுத்து அடிங்க."

எண்ணெய்க்காரர் எஃகை எடுத்துத் திருப்பிப் பிடித்து முதல் ஆணியை அறைந்தார். ஆணி இறங்கியது, துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ஆணிக்கும் அதையே பயன்படுத்தியிருக்கலாம். கை தானாகவே அலுமினியத்தை எடுத்தது என்று அவர் பின்னாளில் மனைவியிடம் சொன்னார். மனைவி நம்பவில்லை, நாமும் நம்பவேண்டிய கட்டாயமில்லை. கல்யாணத்துக்குப் பிந்திய அத்தனை ரயில் பயணங்களையும் சேர்த்து ஓங்கி ஓர் அடி. கைப்பிடியின் மேலே மயிரிழைபோல ஒரு கோடு ஓடியது. இன்னோர் அடி. கோடு வாய் திறந்தது.

"ஐயா! எஃகு தாங்கிருச்சு! அலுமினியம் விரிசல் விட்டுருச்சு! முடிவு தெரிஞ்சுபோச்சு!"

"என்ன முடிவு?" என்று எழுந்தார் பஞ்சு ஐயா. "இல்லாத சோதனைக்கு ஏதுய்யா முடிவு? யோவ், அரசாங்கச் சொத்தை என் கண்ணு முன்னாலயே உடைச்சிருக்க! உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தலைன்னா என் பேரை மாத்திக்கறேன்! எங்கேய்யா இருக்கு அப்படி ஒரு காடு?"

ஆட்சேபணை முன்வந்து உதவினார். "எல்லையோரத்துல ஒரு சின்ன ஊர் இருக்குங்க. அங்க யாரும் விரும்பிப் போனதா வரலாறே இல்லை." ஊரின் பெயரையும் சொன்னார்.

அது மனைவியின் ஊர். அவர் மாற்றல் கேட்டதும் அதே ஊருக்குத்தான், ஆனால் ஏழாகப் பிரிந்த கோப்பில் ஊர்ப் பெயர் இருந்த பகுதி எவர் கண்ணிலும் பட்டதில்லை. எண்ணெய்க்காரருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. ஆயினும் இத்தனை நாள் குழுவோடு பழகியது வீண்போகவில்லை. துக்க வீட்டு முகத்தை மீண்டும் அணிந்துகொண்டார்.

"ஐயா, அங்க மட்டும் வேண்டாம் ஐயா! வேற எங்கயாவது..."

"அங்கதான்! இன்னைக்கே போகணும்! இந்த நிமிஷமே உன்னை விடுவிச்சாச்சு!"

நன்மைக்கான உத்தரவு நத்தைபோல ஊர்ந்தது. தண்டனைக்கான உத்தரவு மை காய்வதற்குள் கைக்கு வந்தது. எண்ணெய்க்காரர் ரயில் நிலையத்திலிருந்து பேசினார்.

"என்னங்க பண்ணீங்க?"

"உடைச்சேன்."

"இதை அப்பவே பண்ணித் தொலைச்சிருக்கலாமே!"

"அப்ப நான் நல்லவனா இருந்தேன்."

இச்செய்தி அலுவலகத்தில் பரவுவதற்கு ஒரு பொழுது போதுமானதாயிற்று. தாயின் ஊருக்குப் போக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எழுத்தர், மறுநாளே தம் நாற்காலியை மடக்கக் கூடாத பக்கமாக மடக்கி, தாயின் ஊருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம் என்று கதறினார். அன்று மாலையே தாயின் கையால் சோறு உண்டார். வாகன ஓட்டுநர் ஒன்றை உடைத்தார். தட்டச்சுப் பெண் இரண்டை உடைத்துக் கணவருக்கும் சேர்த்து மாற்றல் வாங்கினார். மாற்றலே கேளாத பூசணி, பாவம், வெறுமனே உட்கார்ந்தார். அவரும் ஏதோ ஓர் ஊருக்கு மாற்றலானார்.

பஞ்சு ஐயா அவசரக் கூட்டம் கூட்டினார். இனி வாங்கும் நாற்காலிகளின் சட்டம் எஃகா, அலுமினியமா? எது தாங்கும்? சோதனைக்கு உத்தரவாயிற்று. உட்கார்ந்தால் நாற்காலி தேயும் என்று ஆட்சேபணை சுட்டிக்காட்டினார். ஆகவே எஞ்சியிருந்த நாற்காலிகள் அனைத்தும் சிவப்பு வெல்வெட்டின்மேல் வரிசையாக வைக்கப்பட்டன. குழுவினர் அவற்றைச் சூழ்ந்து, மூக்கை மூடிக்கொண்டு, இன்றளவும் நின்றுகொண்டிருக்கின்றனர்.

ஆகவே, ஏதேனும் ஓர் அலுவலகத்தில் உடைந்த நாற்காலி ஒன்றைக் கண்டால், யாரோ ஒருவர் வீடு போய்ச் சேர்ந்தார் என்று மகிழ்க. காலையிலிருந்து நிற்கவைத்துவிட்டார்களே, உட்கார ஓரிடம் காட்டவில்லையே என்று எவரும் சினங்கொள்ளவும் வேண்டா. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நாற்காலிகள் சோதனையில் இருக்கின்றன.